குடியாத்தத்தில் ஒரு கடலோர வீடு: மேஸ்திரி பதில்கள்

கேள்வி: என் மாமனார் கட்டிய மெத்தை வீடும் அதை ஒட்டிய தறிக்கொட்டகையும் பத்து வருஷமாகப் பூட்டிக் கிடக்கின்றன. இத்தாலியில் வேலை பார்க்கும் என் பையன், அங்கே ஒஸ்தூனி என்ற ஊரின் படங்களை அனுப்பி, ரெண்டையும் சேர்த்து அதுபோல வெள்ளை வெளேரென்று மாற்றச் சொல்கிறான். பழைய பூச்சைக் கொத்தியெடுத்துச் சிமென்ட் பூசி, மேற்குச் சுவரை இடித்து முழுக்கக் கண்ணாடி வைக்கலாம் என்கிறார் இன்ஜினீயர். செய்யலாமா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: வெள்ளை சரி. சிமென்ட் வேண்டாம். மேற்கே கண்ணாடி வேண்டவே வேண்டாம் தாயே. சித்திரை மாசம் சாயங்காலம் நாலு மணிக்கு அந்த அறையில் அப்பளம் பொரிக்கலாம்.

உங்கள் பையன் அனுப்பிய ஒஸ்தூனி ஒன்றும் அலை வந்து மோதுகிற ஊர் இல்லை. கடலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, குன்றின் மேல் இருக்கிறது. அதனால் குடியாத்தத்தில் கடல் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அந்த ஊரின் வெள்ளைக்குக் காரணம் பெயின்ட் அல்ல, சுண்ணாம்பு. கனத்த சுவர், சின்ன ஜன்னல், வருஷா வருஷம் மேலே மேலே அடித்த சுண்ணாம்பு. உங்கள் மாமனார் கட்டியதும் அதேதான். நாம் பொங்கலுக்கு அடித்தோம், அப்புறம் விட்டுவிட்டோம்.

சிமென்ட் ஏன் கூடாது என்பதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். 1994இல் வாலாஜாபேட்டையில் என் சித்தப்பா வீடு. சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசி, எமல்ஷன் அடித்து, ஊரையே கூப்பிட்டுக் காட்டினேன். ரெண்டாவது ஐப்பசி மழையில் தரையிலிருந்து மூணடி உயரத்துக்குச் சுவர் கொப்புளம் போட்டது. கரண்டிக் காம்பால் தட்டினால் பானையைத் தட்டுவதுபோல் 'டொக் டொக்'. நகத்தால் நெம்பினேன், முறம் அளவுக்கு ஒரு பத்தை காலடியில் விழுந்தது. பின்னால் சுவர் ஈரமாக, கைபட்டால் பொடியாக உதிர்ந்தது. பழைய சுவர் தரை ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது வெளியே போய்விடும். சிமென்ட் வழியை அடைத்துவிடும். சித்தப்பா அதன்பிறகு எனக்குக் காபி கொடுக்கவே மூணு மாசம் ஆனது.

ஆகவே உதிர்ந்த இடத்தை மட்டும் கொத்துங்கள். நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது ரெண்டு மூணு வாரம் தண்ணீரில் ஊறவிட்டு, ஒரு பங்குக்கு மூணு பங்கு மணல் சேர்த்து அரைத்துப் பூசுங்கள். வெல்லம், கடுக்காய்த் தண்ணீர் விடத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் திரும்பக் கல்லாகிறது, அதனால் அவசரப்படுத்த முடியாது. மேலே வெள்ளையடிப்பு, தண்ணீராகக் கரைத்து மூணு கோட். ஒரு துளி நீலம் போட்டால் வெள்ளை இன்னும் எடுப்பாகத் தெரியும். இதை நம் பாட்டிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ரெண்டு கட்டடத்தையும் சேர்ப்பதுதான் ஜாக்கிரதையான வேலை. நடுச்சுவரை முழுசாக எடுக்காதீர்கள். மெத்தை பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால், அச்சுக்கல் என்ற சின்னச் செங்கல் மொத்தமும் தேக்குக் கட்டைகள்மேல் உட்கார்ந்திருக்கும். கட்டைகளின் முனை சுவருக்குள் இருக்கும். முதலில் ஒவ்வொரு முனையையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். சுலபமாக உள்ளே போனால் கரையானோ உளுப்போ இருக்கிறது, அந்தக் கட்டையை மாற்ற வேண்டும். அப்புறம் முட்டு கொடுத்து, நாலடி அகலத்துக்கு வாசல் உடைத்து, மேலே கருங்கல் பலகை போடுங்கள். வேலூர் மாவட்டத்தில் கருங்கல்லுக்கா பஞ்சம்?

தறிக்கொட்டகையின் நாட்டு ஓட்டைக் கழற்றிவிடாதீர்கள். இத்தாலியிலும் பழைய வீடுகளில் இதேபோன்ற அரைவட்ட ஓடுதான் வேய்ந்திருப்பார்கள். தறிக்குழிகளை மண் கொட்டி மூடுங்கள், ஒன்றை மட்டும் விட்டு வையுங்கள். அதில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கும் சுகத்தை உங்கள் பையனே ஒத்துக்கொள்வான்.

ஒரு இடத்தில் மட்டும் அந்த ஊர்ப் படத்தை நம்பாதீர்கள். அங்கே மழை பெரும்பாலும் குளிர்காலத்தில், நம்மைவிடக் குறைவு. ஜன்னல்மேல் சன்ஷேடு இல்லாமல் மொட்டையாக விட்டாலும் தப்பித்துக்கொள்ளும். நம் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 1,000 மி.மீ., அதுவும் சாய்ந்து அடிக்கும். சன்ஷேடு அழகைக் கெடுக்கிறது என்று எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மேற்கே வெளிச்சம் வேண்டுமென்றால் சின்ன ஜன்னல் போதும், வெயில் நேராக அடிக்காமல் வெளியே பந்தல் போட்டுக் காகிதப்பூ ஏற்றுங்கள். அங்கேயும் சுவர்களில் அதுதான் தொங்குகிறது. அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. ஆலிவ் செடி நட வேண்டாம், அது காய்க்க வேண்டிய குளிர் குடியாத்தத்தில் இல்லை.

கேள்வி: மொட்டை மாடியில் சுண்ணாம்பு அடித்தால் வெக்கை தணியுமா?
- ஒரு வாசகர், ஆரணி

பதில்: தணியும். வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். பங்குனிக்குள் அடித்துவிடுங்கள், மழை முடிந்ததும் பாசியைச் சுரண்டி மறுபடி அடிக்க வேண்டும். தட்டோடு போட்ட மாடி என்றால் முதலில் இணைப்புகளில் விரிசல் இருக்கிறதா பாருங்கள்.