எதனோல் கலந்த பெற்றோல்: வன்னிக்கு வரவு என்ன, செலவு என்ன?

சோளம், கரும்பு போன்றவற்றைப் புளிக்கவைத்து எடுக்கும் மதுசாரம்தான் எதனோல். அதைப் பெற்றோலில் கலப்பதைப் பற்றி வன்னியின் பல ஊர்களில் இருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. பயிர்ச்செய்கைக் கணக்குகளோடு நெடுநாள் பழகியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

பரந்தனில் இருந்து மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒருவர்: அண்ணை, இந்தியாவில் 20 வீதம் கலக்கிறார்களாம். இங்கேயும் கலந்தால் பெற்றோல் விலை குறையுமா?

அதை நம்பி இருக்காதீர்கள், தம்பி. ஒரு லீற்றர் எதனோலில் உள்ள சக்தி, ஒரு லீற்றர் பெற்றோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடுகிற மோட்டார் சைக்கிள் 10 வீதக் கலவையில் 48 சொச்சம் ஓடும். 20 வீதம் என்றால் 46, 47. விலையும் அந்த அளவுக்கு இறங்கினால்தான் உங்களுக்கு நட்டமில்லை.

பெற்றோல் இறக்குமதி குறைவதால் மிச்சப்படுவது டொலர். அதையும் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். 2022இல் டொலர் இல்லாமல் போய், கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் வாங்கினோமே, அது மறக்குமா?

ஒட்டுசுட்டானில் சோளம் செய்யும் ஒருவர்: எதனோலுக்குச் சோளம் வாங்கினால் எங்களுக்கு நல்ல விலை கிடைக்குமா?
விசுவமடுவில் கோழி வளர்க்கும் ஒரு அக்கா: அப்படியென்றால் தீன் விலை ஏறுமா?

இரண்டும் ஒரே கேள்விதான், அதனால் சேர்த்தே சொல்கிறேன். விலை ஏறும். சோளம் செய்யும் தம்பிக்கு வருகிற கூடுதல் காசில் ஒரு பங்கு அக்காவின் தீன் மூடையில் இருந்துதான் வரும். அமெரிக்காவில் விளையும் சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எதனோல் ஆலைக்குப் போகிறது. இந்தியா சோளம் ஏற்றுமதி செய்த நாடு. ஆலைகள் சோளம் வாங்கத் தொடங்கிய பிறகு, 2024இல் பெருமளவில் இறக்குமதி செய்யவேண்டி வந்தது.

ஆனால் முழுவதும் இழப்பில்லை. ஒரு தொன் சோளத்தில் ஏறத்தாழ 400 லீற்றர் எதனோல் எடுத்த பிறகு, 300 கிலோ அளவில் புரதம் மிகுந்த சக்கை மிஞ்சும். அது மாட்டுக்கும் கோழிக்கும் நல்ல தீன். ஆலை பக்கத்தில் இருந்தால் அந்தச் சக்கை அக்காவுக்கே திரும்பி வரும். தூரத்தில் இருந்தால் வராது. ஆகவே தம்பி, ஆலை எங்கே வரும், விதைக்கும் முன்பே விலையை எழுத்தில் தருவார்களா என்று முதலில் கேளுங்கள்.

வட்டக்கச்சியில் இருந்து: இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் கரும்பு செய்தால் என்ன? ஒரு தொன்னில் 70 லீற்றர் எதனோல் எடுக்கலாம் என்கிறார்களே.

சாறு முழுவதையும் எதனோலாக்கினால் அந்த அளவு கிடைக்கும். சீனி எடுத்து, மிஞ்சும் பாகில் மட்டும் என்றால் 10 லீற்றர் அளவுதான். ஆனால் எனக்குக் கவலை தண்ணீர்தான் ஐயா. இரணைமடுவின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் வயல் இருந்தும், சிறுபோகத்துக்குக் குளத்தின் மட்டத்தைப் பார்த்து, கூட்டம் வைத்து, ஆளுக்கு இவ்வளவு என்று காணி பங்கிடுகிறோம். நெல் மூன்று, நாலு மாதத்தில் வீட்டுக்கு வந்துவிடும். கரும்போ பத்துப் பன்னிரண்டு மாதம் நிற்கும். குளம் வற்றுகிற ஆடி ஆவணியிலும் தண்ணீர் கேட்கும். ஒருவர் கரும்பு வைத்தால் வாய்க்காலின் கடைசியில் இருப்பவருக்கு நெல்லும் இல்லை.

அப்புறம் வெட்டிய கரும்பு காத்திருக்காது. ஓரிரு நாளில் பிழியாவிட்டால் சீனிச்சத்து இறங்கிவிடும். கந்தளாய்ச் சீனி ஆலை 1990களில் மூடப்பட்டதை நினைத்துப் பாருங்கள். ஆலை நின்றால் கரும்பை வேறு யாருக்கு விற்பது? நெல் என்றால் மூடையில் கட்டி வீட்டில் வைக்கலாம், அவித்துச் சாப்பிடலாம். இரணைமடுத் தண்ணீரைக் கரும்புக்குக் கொடுக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

மாங்குளத்தில் இருந்து: பனங்கள்ளில் எடுக்கலாம்தானே?

எடுக்கலாம். ஆனால் கள்ளில் மதுசாரம் 5 வீதம் அளவுதான். ஒரு லீற்றர் எதனோலுக்கு 20 லீற்றர் கள்ளு வேண்டும். காய்ச்சுகிற செலவு வேறு. கள்ளாகவே விற்பது லாபம்.

புதுக்குடியிருப்பில் இருந்து: உழவு இயந்திரச் செலவு குறையுமா? பழைய என்ஜினுக்குக் கெடுதலா?

உழவு இயந்திரமும் நெல்லு வெட்டும் மெசினும் டீசலில் ஓடுபவை. எதனோல் சேருவது பெற்றோலோடு. எனவே உழவு, வெட்டுச் செலவில் மாற்றம் இராது.

பழைய மோட்டார் சைக்கிள்களில் றப்பர்க் குழாய் ஊதி, வெடிப்பு விழலாம். பெரிய பிரச்சினை தண்ணீர். கலவையைக் கண்ணாடிப் போத்தலில் விட்டு, கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் குலுக்கி வையுங்கள்: எதனோல் பெற்றோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு சேர்ந்து, அடியில் தனிப் படையாக நிற்கும். மாரியில் தாங்கிக்குள் தண்ணீர் இறங்கினாலும் அதுதான் நடக்கும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, சின்னப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலைத் துளித்துளியாக விட்டு ஸ்டார்ட் பண்ணி, மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடினோம். அந்த மெக்கானிக்குகளின் கைப்பழக்கம் இதற்கும் உதவும்.

துணுக்காயில் இருந்து: வைக்கோலில் எடுக்கிறார்களாமே?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. இந்தியாவில் பானிப்பட்டில் 2022இல் திறந்த ஆலை, ஆண்டுக்கு 2 இலட்சம் தொன் வைக்கோலில் 3 கோடி லீற்றர் எடுப்பதற்காகக் கட்டப்பட்டது. தொன்னுக்கு 150 லீற்றர். சாப்பாட்டில் கைவைக்காத வழி. ஆனால் அவ்வளவு வைக்கோலைக் கட்டி ஏற்றிப் பறிக்கிற கூலியே வருமானத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடும்; மாடுகளுக்கும் வேண்டும். ஆலை கட்ட யாராவது வந்தால், வயல் வரம்பில் வைத்து என்ன விலை தருவீர்கள் என்று கேளுங்கள். அதுவரை கொளுத்தாமல் வயலிலேயே பரவி உழுதுவிடுங்கள். நெற்பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. 2021இல் உரம் நின்றபோது அதன் விலை என்ன என்று எல்லோருக்கும் தெரிந்ததுதானே.