வாசகர் கேள்வி–பதில்: அரசு மானியம் யாருக்கு, எந்தக் கணக்கில்?

கேள்வி: நிறவெறிக் காலத்தில் பின்தள்ளப்பட்ட பல்கலைக்கழகங்களுக்குத் தென்னாப்பிரிக்க அரசு தனி மானியம் தருகிறதாமே, நாங்கள் படித்த டர்பன்–வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் அதில் ஏன் இல்லை? இங்குள்ள இந்திய வம்சாவளி மாணவர்கள் அரசின் கணக்கில் வருவதில்லையா?
— சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: தாங்கள் குறிப்பிடும் வளர்ச்சி மானியம் ஃபோர்ட் ஹேர், வெண்டா, சுலுலாந்து, உம்லாசியிலுள்ள மங்கோசுத்து முதலான எட்டு நிறுவனங்களுக்கு உரியது. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இந்தியருக்கென ஒதுக்கப்பட்டு, 1961இல் சாலிஸ்பரி தீவின் பழைய கடற்படைக் கட்டடங்களில் வகுப்புகளைத் தொடங்கி, பின்னர் வெஸ்ட்வில் குன்றுக்கு இடம்பெயர்ந்த தங்கள் பல்கலைக்கழகம், 2004 ஜனவரியில் நட்டால் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டதால், இன்று தனி நிறுவனமாகவே இல்லை. எம். எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரியும் இவ்வாறே 2002இல் மற்றொன்றுடன் இணைந்துவிட்டது.

இந்திய மாணவர்களைப் பற்றிய தங்கள் ஐயம் ஓரளவு சரியே. 2004இல் நடைமுறைக்கு வந்த மானிய முறையில், ஆப்பிரிக்க, கலர்ட் (கலப்பினத்தவர்) மாணவர்களின் விகிதம் 40 சதவீதத்தைத் தாண்டும்போது கற்பித்தல் மானியம் சிறிது சிறிதாகக் கூடி, 80 சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகும். இந்திய மாணவர்கள் அவ்விகிதத்தில் சேர்க்கப்படவில்லை. எனினும் என்னை உறுத்துவது இது அன்று. அதே முறையில், இளநிலையில் சட்டமோ ஆசிரியப் பயிற்சியோ படிக்கும் ஒரு மாணவருக்கு மானியக் கணக்கில் மதிப்பு 1 என்றால், அறிவியலோ மருத்துவமோ படிப்பவருக்கு 3.5. ஆய்வுக்கூடச் செலவை எண்ணினால் இது நியாயமாகத் தோன்றலாம். ஆனால் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் இருக்கலாம் என்பதை நிறவெறி ஆட்சி தீர்மானித்த காலத்தில், வெள்ளையரல்லாதாருக்கான பல நிறுவனங்கள் ஆசிரியர்களையும் எழுத்தர்களையும் உருவாக்குவதோடு நிறுத்தப்பட்டன என்பதை நினைத்தால், பழைய குறையையே இன்றைய கணக்கு மறுபடியும் விலை போடுகிறது எனலாம். ஆய்வுக் கட்டுரைகளுக்கான மானியமும் அப்படித்தான்: நூலகமும் ஆய்வுக்கூடமும் முன்பே வாய்த்த கேப் டவுன், விட்வாட்டர்ஸ்ராண்ட் போன்ற பல்கலைக்கழகங்கள் அதில் முந்திக்கொள்வதில் வியப்பில்லை. கட்டணத்தை உயர்த்தி ஈடுசெய்யலாமென்றால், ஏழை மாணவர்கள் நிறைந்த நிறுவனத்துக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது.

கேள்வி: அரசின் மாணவர் நிதியுதவியில் இனம் பார்க்கிறார்களா?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

பதில்: இல்லை, அம்மா. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்பதே முக்கிய வரம்பு. 2018 முதல் இத்தகைய மாணவர்களுக்கு அது கடனாக அன்றி உதவித்தொகையாகவே வழங்கப்படுகிறது. தாயும் தந்தையும் ஆசிரியராக இருக்கும் வீடு இவ்வரம்பை எளிதில் தாண்டிவிடும். நம்மவரில் பலர் சிக்குவது இங்கேதான். அத்தகையோருக்காக 2024இல் அறிவிக்கப்பட்ட திட்டம் 6,00,000 ராண்டு வரை வருமானமுள்ளவர்களைக் கருதுகிறது. ஆனால் அது திருப்பிச் செலுத்த வேண்டிய கடன்.