சாவி வாங்கும் முன் கணக்கைப் பேசிவிடுங்கள்

லாரி ஓட்டும் தம்பிகள் இந்த மாதம் கேட்டவற்றில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: வேறு கம்பெனிக்குப் போகலாமா? 22 வருடம் ஸ்டீயரிங் பிடித்துவிட்டு, இப்போது கிருஷ்ணகிரியில் ஒரு லாரி ஆபீஸில் டிரிப் கணக்கு எழுதுகிறேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன். சம்பளம் எவ்வளவு என்று சொல்ல எந்த முதலாளிக்கும் ஒரு நிமிடம் போதும். டிரிப் முடிந்து வந்ததும் எதையெல்லாம் கழிப்பார் என்பதை அவராகச் சொல்ல மாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்.

இப்போது ஓட்டும் இடத்தில் சம்பளம் 16,000, தினப்படி தனி. ஓசூரில் ஒரு கம்பெனி 28,000 தருவதாகக் கூப்பிடுகிறது. போகலாமா அண்ணே?
*(காவேரிப்பட்டணம் வாசகர்)*

28,000 என்றதும் தலையாட்டிவிடாதீர்கள் தம்பி. அதற்குள் படி அடங்குமா, தனியா? அதை முதலில் கேளுங்கள். மாதத்தில் 24 நாள் வண்டியில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாடு, டீ, குளியல், பார்க்கிங் என்று நாளுக்கு 400 ரூபாய்க்குள் ஓட்டினாலும் 9,600 போய்விடும். எல்லாம் அடங்கிய 28,000 என்றால் வீட்டுக்குப் போவது 18,400. இப்போதைய இடத்தில் நாளுக்கு 600 படி என்றால் 24 நாளுக்கு 14,400. சம்பளத்தோடு சேர்த்து 30,400. அதே 9,600-ஐக் கழித்தாலும் 20,800 நிற்கிறது. உங்கள் படி எவ்வளவோ அதைப் போட்டு நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

அப்புறம், படி எந்த நாளுக்கு? வண்டி ஓடினால் மட்டுமா, நின்றாலும் உண்டா? லோடு இறக்கக் கம்பெனி கேட்டுக்கு வெளியே இரண்டு நாள் வரிசையில் கிடப்பது நமக்குப் புதிதில்லை. அந்த இரண்டு நாளும் பசிக்கத்தான் செய்யும். லோடு கொடுத்தவரிடம் ஹால்டிங் (வண்டி காத்துக் கிடந்ததற்கான காசு) வாங்கும் முதலாளி, அதில் டிரைவருக்கு என்ன தருகிறார் என்று கேட்பதில் தவறே இல்லை.

மூன்றாவது, கழிவு. 2009-ல் நான் ஓட்டிய ஒரு வண்டியில் பின் டயர் இரண்டுமே தேய்ந்த ரீட்ரேடு (பழைய டயரில் புது ரப்பர் ஒட்டியது). மாற்றச் சொல்லி இரண்டு முறை கேட்டேன். ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றிக்கொண்டு போகும்போது நடுராத்திரியில் ஒன்று வெடித்தது. மண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் விலை இறங்கிவிட்டது. திரும்பி வந்து கணக்குக் கொடுத்தால், டிரிப் சீட்டின் அடியில் சிவப்பு மையில் "டிரைவர் பற்று" என்று எழுதி, டயர் காசும் தக்காளி நஷ்டமும் என் தலையில். மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். சேரும்போது நான் கேட்டது சம்பளம் எவ்வளவு என்பது மட்டும்தான். டயர் வெடித்தால், தார்ப்பாய் கிழிந்தால், சரக்கு குறைந்தால், போலீஸ் அபராதம் போட்டால் யார் கணக்கு? இந்த நான்கையும் கேட்டுவிட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாகவாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியில் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பி.எஃப். சட்டம் அங்கே பொருந்தும். பிடிக்கிறோம் என்று சொன்னால் மட்டும் போதாது. ஏற்கெனவே அங்கே ஓட்டும் ஒருவருடைய பாஸ்புக்கில் மாதாமாதம் ஏறுகிறதா என்று பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால் ஓசூருக்குத் தாராளமாகப் போங்கள்.

ஹெவி லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகிறது. ஒரு முதலாளி நல்ல மைலேஜ் காட்டினால் மிச்ச டீசலுக்குப் பாதிக் காசு தருவதாகச் சொல்கிறார். சேரலாமா?
*(பென்னாகரம் வாசகர்)*

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏன் என்று சொல்கிறேன்.

தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாயில் வண்டி கீழே இறங்கும். இரட்டைப் பாலம் பக்கம் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால், என்ஜினின் பிடி போய்விடும். முழு லோடும் பிரேக் டிரம்மின் மேல் விழும். மிதிக்க மிதிக்க டிரம் சூடாகி, லைனிங் பிடிப்பை இழக்கும். அடிக்கடி மிதித்தால் ஏர் டேங்கில் காற்றும் இறங்கிக்கொண்டே வரும். முதலில் ஒரு கருகல் வாடை வரும். அப்புறம் பெடல் காலுக்குக் கீழே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்று என் குரு சொல்லிக்கொடுத்தார். எக்ஸாஸ்ட் பிரேக் (என்ஜினைக் கொண்டே வேகத்தைக் குறைப்பது) இருந்தால் மேலேயே போட்டுவிட வேண்டும்.

மைலேஜ் காசு தரும் எல்லா முதலாளியும் கெட்டவர் இல்லை. லோடுக்கு ஒரு கணக்கு, காலி வண்டிக்கு ஒரு கணக்கு, மலைப்பாதை என்றால் அதற்கு ஒரு சலுகை என்று பிரித்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைச் சொல்லி, குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பேன் என்றால் வேண்டாம் தம்பி. புதிதாக ஓட்டுகிறவர் மேல் அந்தச் சுமை விழக் கூடாது. முதல் ஆறு மாதம் மூத்த டிரைவரோடு அனுப்பும் இடம் கிடைத்தால், சம்பளம் இரண்டாயிரம் குறைவாக இருந்தாலும் அங்கே சேருங்கள்.

40,000 அட்வான்ஸ் தருகிறார்கள். பதிலுக்கு ஒரிஜினல் லைசென்ஸும், கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கும் கேட்கிறார்கள்.
*(பாலக்கோடு வாசகர்)*

கொடுக்காதீர்கள். லைசென்ஸ் உங்களிடம் இருக்க வேண்டிய ஆவணம். நகலைக் கொடுங்கள், போதும். வெற்றுச் செக்கில் நாளைக்கு எந்தத் தொகையையும் எழுதலாம். அட்வான்ஸைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் பிடித்து வைப்பதைக் கொத்தடிமை முறை என்று சொல்லி 1976-லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். வீட்டில் அவசரச் செலவு என்பது புரிகிறது. ஆனால், அட்வான்ஸ் வாங்காமல் சேர்ந்தவனுக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த நாளே கிளம்ப முடியும். கட்டாயம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் தொகையை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். மாதம் எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

என் வீட்டுக்காரர் புது வண்டியில் சேரப் போகிறார். "15 லட்சத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, பயப்படாதீர்கள்" என்கிறார் ஓனர். அவருக்கு ஏதாவது ஆனால் எங்களுக்கு அது வருமா?
*(ஊத்தங்கரை வாசகி)*

வராது தங்கச்சி. பாலிசியில் 15 லட்சம் என்று போட்டிருக்கும் தனிநபர் விபத்துக் காப்பு, வண்டியின் உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கானது. சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர் அதில் சேர மாட்டார். ஓனர் தெரியாமலேகூட அப்படிச் சொல்லியிருக்கலாம்.

உங்கள் வீட்டுக்காரருக்குப் பாதுகாப்பு வேறு இடத்தில் இருக்கிறது. வேலையில் விபத்து நடந்தால் தொழிலாளிக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-லிருந்தே சட்டத்தில் உள்ளது. அந்தப் பொறுப்பை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்கிறதா என்று பாலிசியில் பார்க்கலாம். "பெய்டு டிரைவர்" என்று ஒரு வரியும், அதற்கு எதிரே ஒரு சின்னத் தொகையும் இருக்கும். பாலிசியின் நகலைக் கேட்டு வாங்கி அந்த வரியைத் தேடுங்கள். இழப்பீடு சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். அதனால் சம்பளம் கையில் வருவதைவிட வங்கியில் ஏறுவது நல்லது. கையில் வாங்கிய பணத்துக்குச் சாட்சி கிடைப்பது கஷ்டம்.

பி.எஃப். இருந்தால் அதோடு சேர்ந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும். எதுவுமே இல்லாத இடம் என்றால், வங்கியில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் நாளைக்கே சேருங்கள். விபத்தில் உயிர் போனால் 2 லட்சம். தமிழ்நாடு அரசின் அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்திலும் பதிந்துவிடுங்கள். இந்தப் பணம் உங்களுக்குத் தேவைப்படாமலே போகட்டும். ஆனால் சேர்ந்திருங்கள்.

கிரானைட் லோடு. ஓவர்லோடு ஏற்றினால் டிரிப்புக்கு 1,500 சேர்த்துத் தருகிறார்கள்.
*(கிருஷ்ணகிரி வாசகர்)*

2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000. பத்துச் சக்கர வண்டிக்கு மொத்த எடை வரம்பு 28.5 டன். 33.5 டன்னில் பிடிபட்டால் 30,000. அதிகப்படியை இறக்கிய பிறகுதான் வண்டி நகரும். நிறுத்தி எடை போட மறுத்தால் 40,000. ஓட்டியவர், ஓட்டச் சொன்னவர் இருவர் மேலும் சட்டம் பாயும். ரோட்டில் நிற்பவர் நீங்கள்தான்.

1,500-க்கு இது கட்டுப்படியாகாது. கல்லுக்கு நடைச்சீட்டு (எடுத்துப் போவதற்கான அரசு அனுமதி) இல்லாமல் ஏற்றச் சொன்னால் அந்த வாசலிலிருந்தே திரும்பி வந்துவிடுங்கள். கனிமக் கடத்தல் வழக்கில் வண்டியோடு டிரைவரையும் பிடிப்பார்கள். எடைச் சீட்டை ஏற்றிய இடத்திலேயே வாங்கிப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மும்பை லைனுக்கு ஒரே டிரைவர், மூன்றாம் நாள் காலையில் அங்கே நிற்க வேண்டும் என்கிறார்கள்.
*(பர்கூர் வாசகர்)*

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். நாளுக்கு 8 மணி நேரம் என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் எழுதினார்கள். லோடு வண்டி மணிக்கு 45 என்று போனால் 8 மணியில் 360 கிலோமீட்டர். உங்கள் மூன்றாம் நாள் காலை எங்கே நிற்கும் என்று நீங்களே பாருங்கள். இரண்டாவது டிரைவர் தரட்டும், இல்லை ஒரு நாள் கூட்டட்டும்.

கேபினில் கேமரா, ஜி.பி.எஸ். வைத்த வண்டி. வேவு பார்க்கிறார்களே?
*(தர்மபுரி வாசகர்)*

எனக்கு அது பிடிக்கும். முன்னால் பார்க்கும் கேமரா, பைக்காரர் குறுக்கே வந்ததற்கு உங்கள் சாட்சி. எங்கே எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்பதற்கு ஜி.பி.எஸ். சாட்சி, ஹால்டிங் கேட்க உதவும்.

வண்டி எப்படி இருக்கிறது என்று சேரும் முன் தெரிந்துகொள்ள வழி?
*(அரூர் வாசகர்)*

எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போடுங்கள். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதியெல்லாம் வந்துவிடும். பாக்கி அபராதம் எவ்வளவு என்றும் பாருங்கள். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடாவருடம் எஃப்.சி. வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் தயாரான லாரி என்றால் கேபினில் ஏ.சி. இருந்தாக வேண்டும்.

செயலி சொல்லாததை ஷெட் சொல்லும். சாயங்காலம் வண்டிகள் திரும்பும் நேரத்தில் டீ குடிப்பதுபோல் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். டிரைவர் சொல்லும் ரிப்பேரை யாராவது நோட்டில் எழுதிக்கொள்கிறார்களா? முடிந்தால், அங்கிருந்து விலகிப் போன ஒருவரிடம் பேசுங்கள். கடைசி மாதச் சம்பளம் வந்ததா என்று கேளுங்கள்.

இப்போதைய முதலாளியிடமிருந்து எப்படி விலகுவது?
*(ஊர் குறிப்பிடாத வாசகர்)*

லோடோடு நடுவழியில் விட்டுவிட்டு வராதீர்கள். வண்டியை ஷெட்டில் சேர்த்து, கிலோமீட்டர் மீட்டரையும் டீசல் முள்ளையும் போட்டோ எடுங்கள். டயர் எண்கள், ஸ்டெப்னி, ஜாக்கி, தார்ப்பாய், கயிறு எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, வாங்கிக்கொண்டவரிடம் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். சாவியை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.