கற்பனை விலங்குகளையும் இன்னும் கண்டறியப்படாத விலங்குகளையும் தேடும் ‘கிரிப்டோசுவாலஜி’ ஓர் அறிவியல் துறையா?

அல்ல என்பதே என் பதில். ஆனால் அதைக் கேலி செய்து ஒதுக்குவதும் எனக்கு உடன்பாடில்லை.

நான் வேலூர்க்காரன். சிறுவயதில் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தில், தூணிலிருந்து பாய்வதுபோல் நின்ற யாளியின் பிதுங்கிய கண்ணைத் தொட்டுப் பார்த்து, “இது எந்தக் காட்டுல இருக்குப்பா?” என்று கேட்டேன். அப்பா சிரித்துக்கொண்டே ஜவ்வாது மலைப் பக்கம் கைகாட்டினார். இரண்டு மூன்று ஆண்டுகள் அதை நம்பியும் இருந்தேன்.

1955-இல் வெளிவந்த தம் நூலால் இத்துறையைப் பரப்பிய பெர்னார்ட் ஊவெல்மன்ஸ் முறையாக விலங்கியல் பயின்றவர். இத்துறையினர் தவறாமல் எடுத்துக்காட்டும் ஒகாபி (ஒட்டகச்சிவிங்கியின் உறவான காட்டு விலங்கு), காங்கோ காட்டு மக்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டதால் 1901-இல் அறிவியலுக்குத் தெரியவந்தது. எப்போதோ அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட சீலகாந்த் மீனை அவர்கள் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. 1938-இல் தென்னாப்பிரிக்கக் கடலில் அது வலையில் சிக்கியபோது அதை யாருமே தேடிக்கொண்டிருக்கவில்லை. இமயமலையில் உலவுவதாகச் சொல்லப்படும் பனிமனிதனான ‘எட்டி’யினுடையவை எனப் போற்றப்பட்ட ஒன்பது மாதிரிகளின் மரபணுவை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவில், எட்டு கரடியுடையவை, ஒன்று நாயுடையது.

என் மனத்துக்கு நெருக்கமான சான்று இங்கிருந்து சித்தூர் வழியாக வடக்கே போனால் வரும் கடப்பை மாவட்டத்தில் இருக்கிறது. ஜெர்டன் கோர்சர் என்னும் இரவுப் பறவை 1900-க்குப் பின் எவர் கண்ணிலும் படாமல், அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் அதன் படத்தைக் காட்டி ஊர் ஊராக விசாரிக்க, 1986 ஜனவரியில் உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர் இரவில் டார்ச் வெளிச்சத்தில் அதைப் பிடித்தே விட்டார். அப்பகுதி மக்கள் அதைக் ‘கலிவி கோடி’ என்று பெயர் சொல்லியே அழைத்து வந்தார்கள் (தெலுங்கில் கோடி என்றால் கோழி). அவர்களைப் பொறுத்தவரை அது காணாமற்போகவே இல்லை.

ஆனால் கலிவி கோடியைத் தேடியவர்களிடம் 1848-இலேயே எழுதப்பட்ட அறிவியல் விவரிப்பும், அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்த உடல்களும் இருந்தன; எதைத் தேடுகிறோம், கிடைத்தால் எதோடு ஒப்பிடுவது என்பது அவர்களுக்குத் தெரியும். எட்டியைத் தேடுபவர்களிடம் இருப்பது காலடித் தடமும் கண்டதாகச் சொல்லும் வாக்கும் மட்டுமே. சோதித்த மாதிரிகள் கரடியும் நாயுமாகவே முடிந்த பிறகும், அடுத்த மாதிரி எட்டியாக இருக்கும் என்கிறார்கள். எந்த முடிவு வந்தால் தேடலைக் கைவிடுவோம் என்று முன்கூட்டிச் சொல்ல மறுப்பதால்தான், அதை அறிவியல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.