தறிப் பக்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, பருத்தித் துண்டு நெய்து பழகிவிட்டு இப்போது காஞ்சிபுரம் சேலையின் கோர்வை, அதாவது கரையையும் உடலையும் தனித்தனி நூலால் நெய்து கோக்கும் முறை, கற்றுக்கொள்கிறேன். கரையும் உடலும் சேரும் இடத்தில் சின்னச் சின்ன ஓட்டை விழுகிறது. நெய்ய நெய்ய அகலமும் குறைகிறது. குறுக்கு நூலான ஊடையை இன்னும் இறுக்கி இழுக்கவா?

பதில்: இறுக்கவே இறுக்காதீர்கள்! இரண்டு தொல்லைக்கும் காரணம் அதுதான். ஊடை என்பது பாவு இழைகளுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்களுக்கு, மேலும் கீழுமாக ஏறி இறங்கிப் போக வேண்டிய நூல். அதை விறைப்பாகக் கிடத்தி, சீப்புப் போன்ற அச்சால் அடித்தால், வளைவதற்கு நீளம் இல்லாமல் பாவையே உள்ளே இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் சாய்வாகக் கிடத்தி அப்புறம் அடியுங்கள். அகலம் நின்றுவிடும்.

ஓட்டை விஷயத்துக்கு வருவோம். கோர்வையில் ஊடையைக் கொண்டுபோகும் நாடா மூன்று: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. உடல் ஊடையும் கரை ஊடையும் எல்லையில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அங்கே உடல் ஊடையை நீங்கள் ஒரு பக்கம் இழுக்க, கரை ஊடை மறுபக்கம் இழுக்க, நடுவில் பாவு விலகி ஓட்டையாகிறது. திரும்பும் இடத்தில் ஆள்காட்டி விரலை நூலின் மேல் வையுங்கள். நூல் விரலைத் தடவிக்கொண்டு போக வேண்டும், அறுக்கக் கூடாது. விரற்கடை அளவு நெய்ததும் துணிக்கு அடியில் கைவிட்டுப் பாருங்கள். சேர்ப்பு தடித்து நின்றால் இறுக்கம், கண்ணி தொங்கினால் தளர்வு.

நாடாவுக்குள் ஊடை சுற்றியிருக்கும் தாரையும் ஒருமுறை பாருங்கள். அது ஒழுங்காகச் சுற்றப்படாவிட்டால் நூல் நின்று நின்றுதான் வரும். புதிதாகக் கற்பவர்கள் கை சரியில்லை என்று நொந்துகொள்வார்கள். குற்றம் தாரில் இருக்கும்.

இன்னொன்று, தனியாக உட்காராதீர்கள். ஒரு பக்கக் கரை நாடாவை விட இன்னொருவர் உட்கார்வது பழைய வழக்கம். இரண்டு பேரும் ஒரே நிதானத்துக்கு வருவது பாதிப் படிப்பு. எனக்கு அந்தப் பக்கம் என் தங்கைதான். நாங்கள் சண்டை போட்ட நாளைக் கரையே காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: பட்டிலேயே பழகலாமா?

பதில்: வேண்டாம். தடித்த பருத்தி நூல், மூன்று நாடாவுக்கும் மூன்று நிறம். பிசகு உடனே கண்ணில் படும், அவிழ்த்து நெய்தாலும் நூல் தாங்கும். பெட்னியும் இப்போதைக்கு வேண்டாம். முந்தியின் நிறப் பாவை உடல் பாவோடு இழை இழையாக மாட்டும் வேலை அது, ஆயிரக்கணக்கான இழை. கோர்வை கைக்கு வரட்டும்.

கேள்வி: கடையில் வாங்கும்போது கோர்வை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கரையின் ஊடையைப் பாருங்கள். கோர்வையில் கரைக்குத் தனி ஊடை என்பதால் அதன் நிறம் கலப்பில்லாமல் இருக்கும். உடலின் ஊடையே கரைக்குள்ளும் ஓடி, கரை நிறத்தில் உடல் நிறம் கலந்து தெரிந்தால் அது கோர்வை இல்லை. உடலும் கரையும் ஒரே நிறமாக இருந்தால் இப்படிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சேரும் கோட்டில் இரண்டு ஊடையும் கோத்துத் திரும்பியிருக்கிறதா என்று புறப்பக்கத்தில் திருப்பிப் பாருங்கள்.