கடலோரத்தில் உள்ள பழைய உப்புக் கிடங்கைப் புதுப்பிக்கலாமா, இடித்துக் கட்டுவதே மேலா?

புதுப்பிக்கலாம், ஆனால் சிமெண்ட் மூட்டை வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், பங்காளிகள் இடிக்கச் சொல்லி ஒற்றைக் காலில் நிற்கிறார்கள் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நின்றார்கள்.

வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளியில் என் பாட்டனார் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய கிடங்கு, 2018 நவம்பரில் கஜா புயலில் ஓட்டுக்கூரையை முழுவதும் பறிகொடுத்தும் சுவரில் விரிசலின்றி நின்றது. அந்தச் சுவருக்குக் கேடு செய்தவன் நான்தான். கூரையைச் சரிசெய்த கையோடு உள்ளும் புறமும் சிமெண்ட் பூசச் சொன்னேன். அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து வெயில் ஏறியதும், இடுப்பளவு உயரம் வரை பூச்சு உப்பிக்கொண்டது. விரலால் தட்டினால் டொப்பென்றது, நகத்தால் நெம்பினால் அப்பளம்போலப் பெயர்ந்து வந்தது. பின்னால் செங்கல் மாவாகி, வெள்ளைப் பொருக்காக உப்பு பூத்திருந்தது.

காலமெல்லாம் உப்பைத் தாங்கிய சுவரில் நிலத்து உவர்நீரும் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அடைத்துக்கொள்ளும். சிக்கிய உப்பு உள்ளேயே படிகமாகி, செங்கல்லையே உடைக்கிறது. (பொறியாளர்கள் சண்டைக்கு வர வேண்டாம். சிமெண்ட் எங்கும் ஆகாது என்று நான் சொல்லவில்லை, இந்தச் சுவருக்கு ஆகாது என்கிறேன்.)

பிறகு சிமெண்டைச் சுரண்டி எடுத்து, உப்பை உறிஞ்சுவதற்கென்றே சுண்ணாம்பும் மணலும் கலந்து மெல்லிதாக ஒரு பூச்சுப் பூசி, அது உப்பேறியதும் உதிர்த்துவிட்டு, அதன் பின்னரே கிளிஞ்சல் சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து நிலையான பூச்சைப் பூசினோம். இந்த வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடி மூன்று மாதம் அலைந்தேன். "வெறும் கிடங்குக்கு இவ்வளவு செலவா?" என்று கேட்காத ஆளில்லை. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்து வந்த ராஜாஜி உப்பெடுத்துக் கைதான ஊர் இது என்று சொன்னால், "அது தண்டியில்லையா?" என்கிறார்கள்.

எந்தப் பயனுக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்பதையும் சுவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். கணினிப் பயிற்சி மையம் வைக்க வேண்டும் என்பது என் மகனின் ஆசை. சோதனைக்காக உள்ளே வைத்த இரும்பு பீரோ ஒரே மழைக்காலத்தில் துருவேறியதும் அதைக் கைவிட்டோம். இப்போது ஆறுகாட்டுத்துறை மீனவர்கள் சிலர் நைலான் வலைகளை அங்கே வைத்துப் பழுது பார்க்கிறார்கள்.