மலைப்பகுதியில் உள்ள பழைய வீட்டின் கூடத்தில் ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களை எங்கே வைப்பது?

கொடைக்கானலில் பழைய கல் வீடு, கூடத்தின் ஒரு சுவரில் கணப்பு, அதற்கு எதிர்ச்சுவரில் பெரிய கண்ணாடி ஜன்னல், புதிதாக வாங்கிய 5.1 செட் (முன்னால் சென்டர், இடது, வலது, பக்கவாட்டில் இரண்டு சரவுண்ட் என ஐந்து ஸ்பீக்கர்கள், தாழ் ஒலிக்கென்று ஒரு சப்வூஃபர்); கடைக்காரர் சென்டர் போக மற்ற நான்கு ஸ்பீக்கர்களையும் கூரையை ஒட்டி நான்கு மூலைகளிலும் மாட்டித் தருவதாகச் சொல்கிறார், அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. சுவரில் ஆணி இறங்குவதற்கு முன் இதை நீங்கள் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே இரவோடு இரவாக எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் யாரேனும் உடன் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் ஒலிப் பொறியாளன் அல்லன். ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுபவன். ஆகவே இந்தத் துறையில் படித்தவர்கள் குறை கண்டால் திருத்தட்டும். ஆனால் கோத்தகிரிக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டின் ஒவ்வோர் அடியையும் டேப் பிடித்து அளந்து, இந்த ஸ்பீக்கர்களை இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் கூடம் 14 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்டது. கருங்கல் சுவர், பலகைத் தளம், தகரக் கூரைக்குக் கீழே மரப்பலகை உள்கூரை. ஆறு ஆண்டுகளுக்கு முன் கீழேயிருந்து ஒரு கடையினர் அனுப்பிய இரண்டு இளைஞர்கள் ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார்கள். நான்கு சிறிய ஸ்பீக்கர்கள் உள்கூரையை ஒட்டி நான்கு மூலைகளில் ஏறின. சென்டர் ஸ்பீக்கர் ஷோகேஸின் அடித்தட்டில் உள்ளே தள்ளி வைக்கப்பட்டது. சப்வூஃபர் சோஃபாவுக்குப் பின்னால் மூலையில் ஒளிந்தது. பிறகு ஒரு வெடிக்கும் காட்சியை ஓட்டிக் காட்டினார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, நாங்களும் மகிழ்ந்துபோனோம்.

மறுநாளிலிருந்து அம்மா ஒவ்வொரு காட்சியிலும் "என்ன சொன்னான் தம்பி?" என்று கேட்கத் தொடங்கினார். நான் ஒலியைக் கூட்டினேன். கூட்டினால் சண்டைக் காட்சியில் நெஞ்சு அதிர்கிறது, குறைத்தால் பேச்சு புரியவில்லை. மூன்று மாதங்களில் அவர் கூடத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டு, "நீங்க பாருங்க, எனக்கு இப்பல்லாம் வெளங்க மாட்டேங்குது" என்று சொல்லி அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டினோம். நான் அதை அவர் காதில் விழும்படியே உறவினர்களிடம் சொன்னேன் என்பதை இன்று நினைத்தாலும் மனம் வலிக்கிறது.

மலையிறங்கிக் கோயம்புத்தூருக்கு அழைத்துச் சென்று காதுப் பரிசோதனை செய்தோம். எழுபது வயதில் எல்லோருக்கும் இருக்கும் அளவுக்கே குறைவு இருக்கிறது, கருவி எதுவும் இப்போது வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். அப்போதும் எனக்குப் புரியவில்லை. சில நாட்கள் கழித்து ஒரு மாலையில் அடுப்படியில் பழைய டிரான்சிஸ்டரில், பக்கத்தில் நிற்கும் எனக்கே கேட்டும் கேளாமலும் இருந்த அளவில் ஓடிய செய்தியை, அம்மா ஒரு சொல் விடாமல் எனக்குத் திருப்பிச் சொன்னார்.

எங்கள் குடும்பம் 1964-ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இங்கே வந்த குடும்பங்களுள் ஒன்று. அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்), பத்து வீட்டுக்கு ஒரு வானொலிப் பெட்டி இருந்த காலத்தில், திரைப்படங்களை ஒலிச்சித்திரமாகக் காதால் மட்டுமே கேட்டு, வசனங்களை மனப்பாடமாகச் சொன்னவர் அம்மா. அப்படிப்பட்ட காதுக்குப் புரியாத பேச்சு என்றால் பழுது எங்கே இருக்கிறது என்று அன்று இரவுதான் யோசித்தேன். அந்த வானொலியில் ஒரே ஸ்பீக்கர். அது கேட்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசியது. எங்கள் கூடத்தில் ஆறு பெட்டிகள் இருந்தும் ஒன்றுகூட அம்மாவைப் பார்த்துப் பேசவில்லை.

காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 5.1 ஒலியில் வசனத்தின் பெரும்பகுதி சென்டர் ஸ்பீக்கர் வழியாகவே வருகிறது. "பாட்டு" என்பதையும் "பாக்கு" என்பதையும் பிரித்துக் காட்டுவது நடுவில் வரும் வல்லின மெய் ஒன்றுதான். அந்த மெய்யொலிகளைத் தெளிவாக்கும் கூர்மை உயர் அதிர்வெண்களில் இருக்கிறது. வயதாகும்போது காது முதலில் இழப்பதும் அவற்றையே. உயர் அதிர்வெண் ஒலி டார்ச் விளக்கின் ஒளிபோல முன்னோக்கியே பாயும். ஸ்பீக்கரின் முகம் உங்களைப் பார்க்காவிட்டால் அந்தக் கூர்மை உங்களை வந்து சேராது. ஷோகேஸுக்குள் தள்ளப்பட்ட ஸ்பீக்கர், குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல ஒலிக்கும். மூலையில் மாட்டிய ஸ்பீக்கரின் ஒலியோ, நேரே வருவதும், இரண்டு சுவர்களிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி ஓரிரு மில்லி விநாடி பிந்தி வருவதுமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பும். இளங்காதுக்கு இந்தக் குழப்பம் பெரிதாகத் தெரியாது. முதிய காதுக்குப் பேச்சே தொலைந்துவிடும்.

ஆகவே முதலில் இருக்கையின் இடத்தை முடிவு செய்யுங்கள். எங்கள் சோஃபா பின்சுவரை ஒட்டியிருந்தது. சுவரோரத்தில் தாழ் ஒலிகள் எல்லாம் திரண்டு நிற்பதால் அங்கே உட்கார்ந்தால் பேச்சின்மீது எப்போதும் ஓர் உறுமல் மூடியிருக்கும். உட்காருபவரின் தலை பின்சுவரிலிருந்து நான்கு அடி முன்னால் இருக்கும்படி அதை நகர்த்தினோம். நடக்கும் வழி குறுகுகிறது என்று என் மனைவி சொன்னது நியாயமே. இருந்தாலும் ஒரு வாரம் பொறுத்துக் கேட்டுப் பார்த்துவிட்டு அவரே ஒப்புக்கொண்டார். அறையின் நீளத்தில் சரிபாதியிலும் உட்காராதீர்கள். அங்கே சில தாழ் ஒலிகள் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும்.

அடுத்தது சென்டர் ஸ்பீக்கர். ஷோகேஸிலிருந்து வெளியே எடுத்து, டிவிக்குக் கீழே தாழ்வான மேசையின் முன்விளிம்பு வரை இழுத்து வைத்து, முன்பக்கத்தின் அடியில் ஒரு மர ஆப்பைச் செருகி, அம்மாவின் காதை நோக்கி நிமிர்த்தினேன். இந்த ஒரு மாற்றத்துக்குப் பத்து நிமிடம்தான் ஆனது. அன்று மாலை அவரை வற்புறுத்தி உட்கார வைத்தேன். முதல் அரை மணி நேரம் அவர் எதுவும் பேசவில்லை. பிறகு, "சத்தத்தைக் கொஞ்சம் கொறைச்சு வை தம்பி" என்றார்.

மற்றவற்றை அதன் பிறகு நிதானமாகச் செய்தோம். எங்கள் ஊர்த் தச்சர் சில்வர் ஓக் மரத்தில் இரண்டு தாங்கிகள் செய்து கொடுத்தார். இடது, வலது ஸ்பீக்கர்கள் இரண்டும் உட்காருபவரின் காது உயரத்துக்கு இறங்கின. இரண்டுக்கும் இடையே 9 அடி, ஒவ்வொன்றிலிருந்தும் இருக்கைக்கு 9 அடி என்று சமபக்க முக்கோணமாக வைத்தால், சென்டருக்கு இருபுறமும் 30 பாகையில் அவை அமைந்துவிடும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிஎஸ்.775 பரிந்துரை சொல்வதும் இதையே. அதன்படி சரவுண்ட் ஸ்பீக்கர்கள் சென்டரிலிருந்து இருபுறமும் 100 முதல் 120 பாகை வரை, அதாவது பக்கவாட்டில் சற்றே பின்தள்ளி வர வேண்டும். அவற்றை மட்டும் காதுக்கு மேலே இரண்டு அடி உயர்த்தி வைத்திருக்கிறோம்.

சப்வூஃபருக்கு இடம் தேடுவதுதான் அதிக நேரம் எடுத்தது. அதைத் தூக்கி இருக்கையின்மேல் வைத்து, தாழ் ஒலி நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, என் மகன் தரையோடு தரையாகத் தவழ்ந்து சுவரோரமெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். எங்கே உறுமலின்றிச் சீராகக் கேட்டதோ அங்கே அதை வைத்தோம். எங்களுக்கு அது முன்சுவரில், இடது மூலையிலிருந்து நான்கு அடி தள்ளி அமைந்தது. ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் அதற்கு அனுப்பினால், ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்க முடியாது என்பதால் இந்தச் சுதந்திரம் கிடைக்கிறது. உங்கள் வீட்டிலும் பலகைத் தளம் என்றால் சப்வூஃபரை நேரடியாக அதன்மேல் வைக்காதீர்கள், தளமே மத்தளமாகிவிடும். ஒரு கடப்பைக் கல்லும் அதன் கீழே கனமான ரப்பர் விரிப்பும் போதும்.

தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸ் வந்த பிறகு கூரையில் ஸ்பீக்கர் வைப்பதுதான் நவீனம் என்று யாராவது வாதிடலாம். அட்மாஸில் கூரை ஸ்பீக்கர்கள் கூடுதலாக வருபவை. காது உயரத்தில் இருக்க வேண்டியவை அங்கேயும் காது உயரத்தில்தான் இருக்கின்றன. இன்னொரு கூட்டத்தார், மலை உயரத்திலும் குளிரிலும் ஒலியின் வேகம் மாறுவதால் சமவெளியில் சொல்லும் தூரக் கணக்கு மலைக்குப் பொருந்தாது என்கிறார்கள். உயரத்தால் வேகம் மாறாது, வெப்பநிலையால் மாறும். 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர், 10 டிகிரியில் ஏறக்குறைய 337 மீட்டர். மூன்று மீட்டர் தூரத்துக்கு வித்தியாசம் ஒரு மில்லி விநாடியில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை; அதுவும் எல்லா ஸ்பீக்கர்களுக்கும் ஒன்றாகவே மாறுகிறது. ரிசீவரில் தூரங்களை டேப் பிடித்து அளந்து பதியுங்கள், அல்லது அதனுடன் வரும் மைக்கைக் காது உயரத்தில் தாங்கியில் நிறுத்தி அளவெடுங்கள். அந்தக் கருவி தூரத்தையும் அளவையும் சரிசெய்யும். தவறான திசையைப் பார்க்கும் ஸ்பீக்கரை அதனால் திருப்பி வைக்க முடியாது.

மலை வீட்டுக்கே உரியவை வேறு சில இருக்கின்றன. கல் சுவரில் மழைக்காலம் முழுவதும் ஓதம் இருக்கும். எங்கள் பழைய சரவுண்ட் பெட்டி ஒன்று சுவரோடு ஒட்டியிருந்ததால் பின்பலகை ஊதிப்போய், கூம்புக் காகிதத்தில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. இப்போது எதையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளியே வைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் தினமும் சிறிது நேரமாவது ஓடவிடுகிறோம். தகரக் கூரையில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது எந்த அமைப்பும் பயன்படாது. சென்டரை மட்டும் மூன்று டெசிபெல் உயர்த்திப் பார்க்கலாம், இல்லையென்றால் மழை விடும் வரை காத்திருக்கலாம்.

உங்கள் கணப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டிவியைக் கணப்பின் மாடத்துக்கு மேலே மாட்டும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். கழுத்து வலிப்பதோடு சென்டர் ஸ்பீக்கரும் தலைக்கு மேலே போய்விடும், தீயின் சூட்டில் கூம்பைச் சுற்றியுள்ள ரப்பரும் பசையும் கெடும். ஜன்னல் சுவரும் டிவிக்கு ஆகாது, பகலில் திரை தெரியாது. கணப்பும் ஜன்னலும் இல்லாத இரண்டு சுவர்களில் ஒன்றை முன்சுவராக்குங்கள். அப்போது கணப்பு ஒரு பக்கமும் கண்ணாடி மறுபக்கமும் வரும். கண்ணாடிக்குக் கனத்த திரைச்சீலை இரட்டை மடிப்பாகத் தொங்கட்டும், இருக்கைக்கு முன்னால் ஒரு தடித்த கம்பளம் விரியட்டும். கடைக்காரரின் ஆட்கள் வருவதற்கு முன், வீட்டில் மூத்தவர் எங்கே உட்காருவாரோ அங்கே அவரை உட்கார வைத்து, தரையிலிருந்து அவர் காது எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது 38 அங்குலம்.